பழைய சர்வரில் ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நின்றால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நான் பராமரிக்கும் சர்வர்களில் பல 2009 முதல் 2013 வரை சந்தைக்கு வந்த மாடல்கள். டெல் பவர்எட்ஜ் ஆர்710, ஆர்720, ஹெச்பி புரோலயண்ட் டிஎல்380 ஜி7, அதற்கடுத்த ஜென்8. மாங்கூழ் ஆலையின் எடைமேடைக் கணக்கு, கிரானைட் ஏற்றுமதி அலுவலகத்தின் கோப்புகள், ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறையின் டாலி எல்லாம் இவற்றில்தான் ஓடுகின்றன. உத்தரவாதம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. கம்பெனி ஆள் வரப்போவதில்லை. ஆகவே அப்டேட் பாதியில் நின்றால் நாமேதான் பார்த்தாக வேண்டும்.

“சர்வர் செத்துவிட்டது” என்று அழைப்பு வந்தால் அதை உடனே நம்ப வேண்டாம். ஃபர்ம்வேர் என்பது ஒரு பாகத்தை இயக்க அதன் சிப்புக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் மென்பொருள். ஒரு சர்வருக்குள் ஒரே ஃபர்ம்வேர் இல்லை. போர்டைத் தொடங்கிவைக்கும் பயாஸ் ஒன்று. சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருக்கும்வரை விழித்திருக்கும் பிஎம்சி என்ற தனிச் சிப் இன்னொன்று. டெல்லில் அதன் பெயர் ஐட்ராக், ஹெச்பியில் ஐலோ. பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு, நெட்வொர்க் கார்டு, ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபர்ம்வேர் உண்டு. இவற்றில் ஒன்று மயங்கினால் மற்றவை கூச்சல் போடும். கூச்சல் போடுவதைப் பழுது என்று நினைத்துப் பணம் செலவழிப்பவர்களே அதிகம். எந்த ஃபர்ம்வேர் மயங்கியது என்று தெரியும்வரை எதையும் கழற்றாதீர்கள், எதையும் வாங்காதீர்கள்.

முன்னேற்றப் பட்டை அசையவில்லை

99 சதவீதத்தில் நிற்கிறது, அல்லது பக்கம் வெள்ளையாகிவிட்டது. பவர் பட்டனைத் தொடாதீர்கள். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த இடத்துக்குப் பொருந்தும் அளவுக்கு வேறெங்கும் பொருந்தாது.

ஐட்ராக்கோ ஐலோவோ தன்னைத்தானே அப்டேட் செய்துகொண்டால் முடிவில் தானே ரீஸ்டார்ட் ஆகும். அப்போது உங்கள் பிரவுசரின் இணைப்பு அறுந்துவிடும். அறுந்தது தெரியாமல் பிரவுசர் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு இன்னொரு கணினியிலிருந்து பிஎம்சியின் ஐபி முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்ற சோதனை) அனுப்பிப் பாருங்கள். பிங் நின்று, சில நிமிடங்களில் மீண்டும் வந்தால் வேலை முடிந்தது என்று பொருள். புதிய சாளரத்தில் உள்ளே போய்ப் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

பயாஸ் அப்டேட் என்றால் திரையில் நடப்பது தெரியும். முடிந்தபின் முதல் தொடக்கம் வழக்கத்தைவிட நீளும். நினைவகத்தை மறுபடி அளந்து பழகும் கட்டத்தில், ராம் நிறைய உள்ள சர்வர் ஒரே வரியில் பல நிமிடங்கள் நிற்பது இயல்பு. அரைமணி நேரம் கழித்தும் பிங் இல்லை, திரையில் மாற்றம் இல்லை, டிஸ்க் விளக்குகளும் அசையவில்லை என்றால்தான் கீழே உள்ளவற்றுக்குப் போக வேண்டும்.

கோப்பையே ஏற்க மறுக்கிறது

இது தோல்வியே அல்ல. ஃபர்ம்வேர் குடியிருக்கும் ஃபிளாஷ் சிப்பில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. காரணங்கள் பெரும்பாலும் நான்குதான்.

கோப்பு வகை தவறாக இருக்கும். ஆர்710-இன் ஐட்ராக்6 பக்கம் விண்டோஸுக்கான இஎக்ஸ்இ தொகுப்பை ஏற்காது. அதைப் பிரித்தால் உள்ளே கிடைக்கும் ‘firmimg.d6’ என்ற கோப்புதான் அதற்கு வேண்டும். ஆர்720-இன் ஐட்ராக்7 விண்டோஸ் தொகுப்பை அப்படியே வாங்கிக்கொள்ளும். ஐலோவுக்கு ‘.bin’ என்று முடியும் கோப்பு மட்டுமே. ஹெச்பி தளத்தில் கிடைக்கும் தொகுப்பைப் பிரித்து அதை வெளியே எடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரேயடியாகத் தாண்டப் பார்ப்பது. பல வருடம் தொடாத ஐட்ராக்கைக் கடைசிப் பதிப்புக்கு ஒரே மூச்சில் கொண்டுபோக முடியாது. இடையில் ஒன்றிரண்டு பதிப்புகளில் நின்றுதான் போக வேண்டும். வெளியீட்டுக் குறிப்பில் ‘குறைந்தபட்சம் இந்தப் பதிப்பு இருக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். யாரும் படிக்காத வரி அது.

மூன்றாவது, கடிகாரம். போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது சர்வரே இணையத்திலிருந்து கோப்பை எடுக்க முயன்றால் சான்றிதழ் சோதனையில் நின்றுவிடும். எளிதில் கிடைக்கும் பேட்டரிதான். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள். டெல் சர்வருக்குள்ளேயே இருக்கும் பழைய லைஃப்சைக்கிள் கன்ட்ரோலர் என்ற அப்டேட் திரை காட்டும் எஃப்டிபி வழி இப்போது கைகொடுப்பதில்லை. அதில் நேரத்தைக் கழிக்காமல் கோப்பை வேறு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

கடைசியாகப் பிரவுசர். பிரவுசர் இணைப்பைப் பூட்டிக் காக்கும் டிஎல்எஸ் முறையில் பழைய பிஎம்சிகள் 1.0 அல்லது 1.1 பதிப்பு மட்டுமே பேசும். இன்றைய பிரவுசர்கள் அதை மூடிவிட்டன. ஃபயர்ஃபாக்ஸின் உள்ளமைப்புப் பக்கத்தில் டிஎல்எஸ் குறைந்தபட்சப் பதிப்பை 1 என்று வைத்தால் உள்ளே போகலாம். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். அந்த ஃபயர்ஃபாக்ஸிலேயே வங்கிக் கணக்கையும் திறக்கும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்டேட் ‘திட்டமிடப்பட்டது’ என்று மட்டும் காட்டுகிறது

டெல்லில் பயாஸ், ரெய்டு அப்டேட்கள் வரிசையில் காத்திருந்து அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் நடக்கும். ரீஸ்டார்ட் செய்தும் நடக்கவில்லை என்றால் வரிசையில் பழைய வேலை ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். டெல்லின் ‘racadm’ கட்டளையால் ஜாப்-க்யூ என்ற அந்த வரிசையின் பட்டியலைப் பாருங்கள். முழுவதையும் அழிக்க ‘ஜேஐடி_கிளியர்ஆல்’ என்ற அடையாளம் போதும். அழித்தபின் ஐட்ராக்கை ஒருமுறை ரீசெட் செய்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

விண்டோஸ் ஓடுகிறது, ஆனால் ஐட்ராக் அல்லது ஐலோ பக்கம் திறக்கவில்லை

அடிக்கடி வருவது இதுதான். நல்ல செய்தி என்னவென்றால் ஆலையின் வேலை நிற்காது. கெட்ட செய்தி, இதைச் சரிசெய்யக் கடைசியில் சர்வரை அணைக்க வேண்டியிருக்கலாம். ஆகவே முதல் வேலை பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்து, வெளி டிஸ்கில் வைத்து, ஒரு கோப்பைத் திறந்தும் பாருங்கள்.

பிறகு உள்ளிருந்து ரீசெட். லினக்ஸில் பிஎம்சியோடு பேசும் ஐபிஎம்ஐ-டூல் என்ற கருவி இருந்தால் ‘எம்சி ரீசெட் கோல்டு’ என்ற கட்டளை பிஎம்சியை மட்டும் மறுபடி தொடங்கும். சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்720 தலைமுறையில் முன்பக்கம் ‘ஐ’ என்று எழுதிய அடையாளப் பட்டனைப் பதினைந்து விநாடிகளுக்கு மேல் அழுத்திப் பிடித்தாலும் ஐட்ராக் ரீசெட் ஆகும்.

அதற்கும் அசையவில்லை என்றால் சர்வரை முறைப்படி அணையுங்கள். இரண்டு பவர் கேபிள்களையும் பிடுங்குங்கள். ஒன்றைப் பிடுங்கி ஒன்றை விட்டால் பயனில்லை, பிஎம்சி விழித்தே இருக்கும். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, சில நிமிடம் கழித்துக் கேபிள்களைச் செருகுங்கள். உடனே பவர் பட்டனைத் தட்டக்கூடாது. பிஎம்சி எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அதற்கு அவகாசம் கொடுங்கள். பாதிப் பிரச்சினைகள் இதோடு தீர்ந்துவிடும்.

தீராதவற்றுக்கு:

ஐலோ3, ஐலோ4-இல் ஃபிளாஷ் பாதியில் கெட்டால் அது ஒரு மீட்பு நிலையில் காத்திருக்கும். பக்கம் திறக்காது, பிங் மட்டும் வரும். அப்போது எஃப்டிபி மூலம் அதன் ஐபிக்கு இணைத்துப் பாருங்கள். பயனர் பெயர் ‘டெஸ்ட்’, கடவுச்சொல் ‘ஃபிளாஷ்’, இரண்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில். ‘.bin’ கோப்பை ‘புட்’ கட்டளையால் அனுப்பிவிட்டுக் கைகட்டி நில்லுங்கள். எழுதி முடித்து அதுவே ரீஸ்டார்ட் ஆகும். சுவிட்ச் வழியாகப் போகாமல் லேப்டாப்பிலிருந்து ஐலோ துளைக்கு நேர் கேபிள் போடுவது நல்லது.

ஐட்ராக்7 எண்டர்பிரைஸ் உள்ள ஆர்720-இல் பின்பக்கம் விஃப்ளாஷ் எஸ்டி கார்டு இடம் இருக்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த கார்டின் மேல்மட்டத்தில், எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், ‘firmimg.d7’ கோப்பை வையுங்கள். மின்சாரம் இல்லாதபோது கார்டைச் செருகி, பிறகு பவர் கேபிள்களைச் செருகிக் காத்திருங்கள். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் எடுத்துக்கொள்ளாது.

ஆர்710-இல் வழி இன்னும் எளிது. ஐட்ராக்6 எண்டர்பிரைஸ் தனிக் கார்டாகவே வரும். கழற்றி வேறொன்று போட்டுவிடலாம்.

ஐலோ4 பற்றி ஒரு தனிக் குறிப்பு. ஜென்8, ஜென்9 சர்வர்களில் பக்கம் திறந்து, உள்ளே ‘எம்பெடட் ஃபிளாஷ்’ என்ற வரியில் பிழை காட்டினாலோ, எஃப்10 அழுத்தினால் இன்டெலிஜென்ட் ப்ரொவிஷனிங் என்ற உள்ளமைந்த நிறுவல் கருவி வராமல் போனாலோ, ஐலோவின் நாண்ட் என்ற உள் சேமிப்பு சிக்கிக்கொண்டிருக்கிறது. ஐலோ ஃபர்ம்வேரை 2.61 அல்லது அதற்கு மேல் கொண்டுபோனால் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் அந்தச் சேமிப்பை ஃபார்மட் செய்யும் பட்டன் கிடைக்கும். ஃபார்மட் செய்து, பவர் கேபிள்களைப் பிடுங்கிச் செருகி, இன்டெலிஜென்ட் ப்ரொவிஷனிங்கை மறுபடி நிறுவுங்கள். இதற்காக “மதர்போர்டு போய்விட்டது” என்று விலை சொல்பவரிடம் ஒருநாள் அவகாசம் கேளுங்கள்.

விசிறிகள் அலறுகின்றன, ஆரஞ்சு விளக்கு மின்னுகிறது

விசிறி வேகத்தை அடக்குவது பிஎம்சி. அது இல்லாதபோது போர்டு பாதுகாப்புக்காக முழு வேகத்தில் விடும். விசிறியை மாற்றாதீர்கள், பிஎம்சியைப் பாருங்கள்.

ஆர்710-இல் இதோடு திரையில் இரண்டு வரிகள் வரும். ஐட்ராக்6 பதில் சொல்லவில்லை என்பது ஒன்று. தேவைப்படும் மின்சாரம் பவர் சப்ளையின் வாட்டைத் தாண்டக்கூடும் என்பது இரண்டாவது. இரண்டாவது வரியைப் பார்த்துப் புதிய பவர் சப்ளை வாங்க ஓடுகிறார்கள். பவர் சப்ளை எத்தனை வாட் என்று சொல்ல வேண்டிய ஐட்ராக் வாய் திறக்கவில்லை, ஆகவே பயாஸ் சந்தேகப்படுகிறது, அவ்வளவுதான்.

திரை இருட்டு, எதுவும் தொடங்கவில்லை

இங்குதான் பயாஸ் மேல் சந்தேகம் நியாயமானது. முதலில் பிஎம்சி பக்கம் திறக்கிறதா பாருங்கள். திறந்தால் பாதிக் கவலை போயிற்று. நிகழ்வுப் பதிவில் கடைசி வரிகள் எதைக் குறை சொல்கின்றன என்று படியுங்கள்.

ஹெச்பியில் பயாஸ் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எழலாம். மின்சாரத்தைத் துண்டித்து மூடியைத் திறந்தால் போர்டில் சிறு சுவிட்சுகளின் வரிசை ஒன்று தெரியும். அதில் எஸ்1, எஸ்5, எஸ்6 மூன்றையும் ஆன் நிலைக்குத் தள்ளி இயக்கினால் மாற்றுப் பிரதி எடுத்துக்கொள்ளப்படும். எழுந்தபின் மறக்காமல் மூன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். எஸ்6 தனியாக ஆன் நிலையில் கிடந்தால் எல்லா அமைப்புகளையும் அழித்துவிடும். எஸ்1 ஐலோவின் கடவுச்சொல் காவலையே நீக்கிவிடும். ஜென்8 முதல், சர்வர் எழாமலே ஐலோ பக்கத்திலிருந்து பயாஸை மறுபடி எழுதவும் முடியும். முதலில் அதை முயலுங்கள், மூடியைத் திறக்கும் வேலை மிச்சம்.

டெல்லில் போர்டின் என்வி-ராம் கிளியர் ஜம்பரை (இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) நகர்த்தி ஒருமுறை இயக்கினால் பயாஸ் அமைப்புகள் மட்டும் அழியும். பல சமயம் புதிய பயாஸ் நன்றாகவே எழுதப்பட்டிருக்கும். பழைய அமைப்புகளோடு ஒத்துப்போகாமல்தான் நின்றிருக்கும். அதற்கும் எழவில்லை என்றால் ஒரே ப்ராசசர், ஏ1 துளையில் ஒரே ராம், ரெய்டு கார்டும் இல்லாமல் இயக்கிப் பாருங்கள்.

சூப்பர்மைக்ரோ போர்டு வைத்து உள்ளூரில் சேர்த்த சர்வர் என்றால், எஃப்ஏடி32 பென் டிரைவில் பயாஸ் கோப்பை ‘SUPER.ROM’ என்று பெயரிட்டுப் போட்டு, இயக்கும்போது கன்ட்ரோல், ஹோம் பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பது மீட்பு வழி.

சிஎச்341ஏ என்ற மலிவான ப்ரோகிராமரால் ஃபிளாஷ் சிப்பையே நேரடியாக எழுதலாம் என்று காணொளிகள் சொல்கின்றன. முடியும். ஆனால் அந்தச் சாதனத்தின் சில வகைகள் 3.3 வோல்ட் சிப்புக்கு 5 வோல்ட் சமிக்ஞை கொடுக்கும். போர்டின் தொடர் எண்ணும் நெட்வொர்க் முகவரிகளும் அதே சிப்பில் இருக்கலாம். எழுதும் முன் உள்ளதைப் படித்துச் சேமிக்காதவர் இந்தப் பக்கம் வரவே கூடாது.

மின்சாரம் போனதால் நின்றது

நம் பகுதியில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் கொடுக்கும் மின்தடை அறிவிப்பு செய்தித்தாளில் வரும். அந்த நாளில், அதற்கு முந்தைய நாளிலும், அப்டேட்டைத் தொடாதீர்கள். சித்திரை வைகாசியில் கோடை மழை இடியோடு வரும் மாலைகளிலும் வேண்டாம். மாங்கூழ் ஆலைகளில் மே முதல் ஜூலை வரை சர்வர் பக்கமே போகக்கூடாது. தோத்தாபுரி லாரிகள் வாசலில் நிற்கும்போது எடைமேடை நின்றால் உங்களோடு யாரும் பேசமாட்டார்கள்.

யுபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். பிஎம்சி அப்டேட்டின்போதும் சர்வர் தொடங்கும்போதும் விசிறிகள் முழு வேகத்தில் சுற்றும். மின்தேவை கணிசமாக ஏறும். இத்தனை நாள் மெல்லிய சுமையில் தாக்குப்பிடித்த பழைய பேட்டரி அப்போதுதான் குப்புற விழும். இரண்டு பவர் சப்ளைகளையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்றை யுபிஎஸ்ஸிலும் மற்றதை வேறு லைனிலும் மாட்டுங்கள். ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் முதலில் அதை ஓடவிட்டு, வோல்டேஜ் நிலைத்தபின் தொடங்குங்கள்.

எழுகிறது, ஆனால் ‘பூட் டிவைஸ் இல்லை’ என்கிறது

மனம் பதைக்கும், ஆனால் தரவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பயாஸ் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கும். பூட் முறை (சர்வர் தொடங்கும் முறை) புதிய யுஇஎஃப்ஐ, பழைய லெகசி இரண்டில் எது என்று பாருங்கள். பழைய நிறுவல் லெகசியில் இருந்திருந்தால் அதற்கே மாற்றுங்கள். சாட்டா முறை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாறியிருக்கலாம். விர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர்கள் விர்ச்சுவலைசேஷன் அமைப்பையும் பார்க்க வேண்டும்.

ரெய்டு கார்டின் ஃபர்ம்வேர் மாறியபின் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ (கார்டுக்கு அறிமுகமில்லாத ரெய்டு அமைப்பு) என்று கேட்டால் கை நடுங்காமல் படியுங்கள். ‘இம்போர்ட்’, ‘கிளியர்’ என இரண்டு வழி காட்டும். கிளியர் என்றால் டிஸ்குகளில் எழுதியிருக்கும் ரெய்டு அமைப்பை அழிப்பது. அதைத் தொடாதீர்கள். எல்லா டிஸ்கும் தெரிகின்றனவா என்று முதலில் எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிட்டுக் கேபிளைப் பாருங்கள். எல்லாம் இருந்தால் இம்போர்ட். ‘இனிஷியலைஸ்’ என்ற சொல் எந்தத் திரையில் வந்தாலும் பின்வாங்குங்கள்.

எல்லாம் ஓடுகிறது, நெட்வொர்க் மட்டும் இல்லை

லினக்ஸில் நெட்வொர்க் துளையின் பெயர் பயாஸ் தரும் தகவலிலிருந்து அமைகிறது. பயாஸ் மாறினால் பெயரும் மாறலாம். பழைய பெயருக்கு எழுதிவைத்த ஐபி அமைப்பு அனாதையாகிவிடும். புதிய பெயரைப் பார்த்து அமைப்புக் கோப்பில் திருத்தினால் போதும். விண்டோஸில் இதே காரணத்தால் புதிய அடாப்டர் ஒன்று முளைத்துப் பழைய நிலையான ஐபி மறைந்திருக்கும்.

இத்தனை தொல்லைக்கு அப்டேட் வேண்டுமா?

ஓடுவதைத் தொடாதே என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ப்ராசசர் பாதுகாப்புக் குறைபாட்டுக்காக வந்த மைக்ரோகோடு (ப்ராசசருக்கான திருத்தம்) சில ப்ராசசர்களில் எதிர்பாராத ரீஸ்டார்ட்டை உண்டாக்கியது. ஜனவரி 22 அன்று இன்டெல்லே அதை நிறுவுவதை நிறுத்தச் சொன்னது. அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே ஏற்றியவர்கள் மறுபடி பின்னால் போக வேண்டியதாயிற்று. வெளிவந்து சில மாதம் ஆன பதிப்பையே நான் ஏற்றுகிறேன்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2019 நவம்பரில் ஹெச்பியின் சர்வர் தொழிலை இப்போது நடத்தும் ஹெச்பிஇ தன் எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டி டிஸ்குகள் சிலவற்றைப் பற்றி ஓர் அறிவிப்பு கொடுத்தது. எச்பிடி8 பதிப்புக்கு முந்தைய ஃபர்ம்வேர் இருந்தால் 32,768 மணி நேரம் ஓடியதும் அந்த டிஸ்க் செயலிழக்கும், தரவும் மீளாது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் வாங்கி ஒரே ரெய்டில் போட்ட டிஸ்குகள் ஒரே நேரத்தில் அந்த எண்ணை எட்டும். ரெய்டு எதற்கு உதவும்? பழைய எஸ்எஸ்டிகளைக் கைமாற்றாக வாங்கியிருந்தால் மாடல் எண்ணை அந்த அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைத் தள்ளிப்போடக்கூடாது.

போர்டையே மாற்ற வேண்டி வந்தால்

மேலே சொன்னது எதற்கும் எழவில்லை என்றால் பெங்களூரின் கணினி உதிரிபாகச் சந்தையான எஸ்.பி. ரோடுதான். ஓசூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம், சில்க் போர்டு நெரிசலில் மாட்டாவிட்டால். ஆர்720-க்குப் போர்டு வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உங்கள் சர்வரில் இருப்பது ஈ5-2600 வி2 ப்ராசசராக (அந்த வரிசையின் இரண்டாம் தலைமுறை) இருந்து, வாங்கும் போர்டில் 2012-இன் பழைய பயாஸ் இருந்தால், அது வி2-வை அடையாளம் காணாது. புதிய போர்டும் செத்ததுபோலவே இருக்கும். கடைக்காரரிடமே இயக்கிக்காட்டச் சொல்லிப் பயாஸ் பதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பழையது என்றால் அங்கேயே முதல் தலைமுறை (வி1) ப்ராசசர் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. அதை மாட்டி பயாஸை ஏற்றியபின் உங்கள் வி2-வைத் திரும்பப் போடலாம். சர்வருக்கு டெல் தந்த அடையாளமான சர்வீஸ் டேக் எண் புதிய போர்டில் வெறுமையாகவோ வேறொருவருடையதாகவோ இருக்கும். சர்வரின் வெளிப்பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து அதைப் பதிய வேண்டும். ஆகவே அந்தச் சீட்டைச் சுரண்டி எறியாதீர்கள்.